பச்சைக் கதவு வண்டி

தன் புருஷன் போய்விட்டான் என்ற செய்தியை ஆர்லிஸுக்குச் சொன்னது மனிதர் யாருமில்லை, சமையலறையில் குளிர்சாதனப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்த ஸ்கேனர்தான்.

ஸ்டென்பி ஊரில் அந்தப் பெட்டி இல்லாத வீடு கிடையாது. தீயணைப்புக்காரர்களும் போலீஸ்காரர்களும் தங்களுக்குள் பேசிக்கொள்வதை அதில் ஒட்டுக்கேட்கலாம். டிவி இல்லாமல்கூட இருந்துவிடுவார்கள், அது இல்லாமல் ஒரு நாள் தாங்காது. யார் வீட்டு மாடு நெடுஞ்சாலைக்கு வந்தது, யார் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்தார் என்பதெல்லாம் ஆம்புலன்ஸ் கிளம்புவதற்கு முன்பே ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அடுத்த வீட்டுச் சங்கதியாக இருக்கும்வரை அது சுவாரஸ்யமாகத்தான் இருந்தது.

அன்று காலை அவள் ஊறுகாய்க்கு வெள்ளரிக்காய் நறுக்கி ஜாடியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். சாலை தண்டவாளத்தைக் கடக்கும் தெற்குக் கடவில் தானிய ரயில் ஒரு வண்டியை அடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறது, வண்டி பற்றி எரிகிறது என்று பெட்டி சொன்னது. யாரோ, பாவம், என்று நினைத்தபடி கத்தியைக் கீழே வைத்தாள். ஆகஸ்ட் கடைசி. மக்காச்சோளம் ஆளை விழுங்கும் உயரத்தில் தண்டவாளத்தின் விளிம்பு வரை நிற்கும் காலம். அந்தக் கடவில் கதவும் இல்லை, சிவப்பு விளக்கும் இல்லை. வருஷா வருஷம் ஊர்க்கூட்டத்தில் அதைப் பற்றி வாய் வலிக்கப் பேசுவார்கள். பேசி முடித்து, காபி குடித்து, நாற்காலிகளை மடக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

அப்புறம் ஹார்லனின் குரல் வந்தது. ஊரின் ஒரே பெட்ரோல் பங்க் அவருடையது. சம்பளமில்லாத தீயணைப்புப் படைக்கும் அவர்தான் தலைவர்.

"வெள்ளை பிக்கப்," என்றார். கொஞ்ச நேரம் இரைச்சல். "டிரைவர் பக்கக் கதவு பச்சை." மறுபடியும் இரைச்சல், இந்த முறை நீளமாக. "இது டுவேன் வண்டிப்பா. உள்ள ஒரு ஆள்தான். இனிமே ஒண்ணும் செய்யறதுக்கில்ல."

வெள்ளை உடம்பும் பச்சைக் கதவுமாக அந்த வட்டாரத்தில் ஓடியது ஒரே வண்டி. டுவேன் கம்பத்தில் மோதி நசுக்கிய கதவைக் கழற்றிவிட்டுப் பழைய இரும்புக் கடையில் கிடைத்த கதவை மாட்டியிருந்தான். இதோ அடிக்கிறேன் அதோ அடிக்கிறேன் என்று வருஷக்கணக்கில் அதற்குப் பெயின்ட் அடிக்காமல் இழுத்தடித்தான். அந்தக் கதவைக் கண்டாலே ஆர்லிஸுக்கு ஆகாது. அன்று காலையில்கூட, அவன் காபிக் கோப்பையோடு பின்வாசலில் ஏதோ சொல்லிக்கொண்டு நின்றபோது, "அதுக்கு இன்னைக்காவது பெயின்ட் அடிப்பியா, இல்ல நான் செத்தப்புறம்தான் அடிப்பியா?" என்று பிடித்துக்கொண்டாள். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். கல்யாணமான பிறகும் நீ வா போ தான், சண்டையும் பள்ளிக்கூடச் சண்டைதான்.

அவன் போனுக்கு அடித்தாள். மணியே போகவில்லை. போகாது. அவன் போன் எப்போதும் வண்டியில்தான் சார்ஜில் கிடக்கும்.

ஆர்லிஸ் அழவில்லை. நறுக்கிய வெள்ளரிக்காயை ஒவ்வொன்றாக எடுத்து ஜாடிக்குள் வைத்தாள். ஜாடி நிரம்பிய பிறகும் வைத்துக்கொண்டே இருந்தாள். துண்டுகள் மேசையில் விழுந்து தரையில் உருண்டன. கை தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

எதிர்வீட்டு லவோன்தான் முதலில் வந்தாள். வீட்டுச் செருப்போடு தெருவைக் கடந்து, பின்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, ஆர்லிஸைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். ஸ்கேனரை அணைத்தாள். தரையில் கிடந்த துண்டுகளைப் பொறுக்கினாள். அதற்கப்புறம்தான் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து அழுதாள். ஆர்லிஸுக்கும் சேர்த்து அவளே அழுதாள்.

"சர்ச்லேர்ந்து இப்பதான்டி வந்தேன். பையைக்கூடக் கீழ வைக்கல, பெட்டி கத்துது," என்றாள். "வெண்டலுக்கு எப்படிச் சொல்லப்போறேன்னே தெரியல. ஆத்தங்கரை வயல்ல வேலி கட்டணும்னு நேத்தே சொல்லிட்டிருந்தான். அங்க போய்ட்டா டவரே கிடைக்காது. கேட்டா மனுஷன் ஒடிஞ்சு போயிடுவான்."

வெண்டல் லவோனின் புருஷன். அவனும் டுவேனும் சின்ன வயதிலிருந்தே கூட்டாளிகள். மீன் பிடிக்கப் போனாலும் சேர்ந்துதான், வீட்டில் திட்டு வாங்கினாலும் சேர்ந்துதான்.

"எதுல போனார்?" என்று ஆர்லிஸ் கேட்டாள். ஏன் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது. ஏதாவது பேசவேண்டும் போலிருந்தது.

"அவன் வண்டிதான் பேட்டரி செத்து வாசல்ல நிக்குதே. டிராக்டர்ல போயிருப்பான். நீ அதெல்லாம் விடு. தண்ணி குடி."

சற்று நேரத்தில் ஹார்லன் வந்தார். புகை வாடை அவருக்கு முன்னால் வந்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கதவருகிலேயே நின்றார்.

"போலீஸ் டெபுடி வந்து பாக்கறவரைக்கும் பேர் சொல்லக்கூடாதுன்னு ரூல்," என்றார். "ஆனா நீ பெட்டில கேட்டிருப்பே. அதான் நானே வந்தேன்."

"முகத்தைப் பாத்தீங்களா?"

"பாக்கற மாதிரி இல்லம்மா. பின்னால டீசல் டேங்க் வச்சிருந்தானே."

"அப்ப எப்படி அவன்தான்னு சொல்றீங்க?"

ஹார்லன் தொப்பியைச் சுழற்றினார். "காலைல பங்க் எதிர்ல போனான். ரெண்டு விரலைத் தூக்கினான், நானும் தூக்கினேன். அவனைக் கடைசியாப் பாத்தது நான்தான்னு நினைக்கிறேன்."

ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்காமல் இரண்டு விரலை மட்டும் தூக்குவது அந்த ஊர் வணக்கம். தூக்காதவன் வெளியூர்க்காரன், இல்லையென்றால் கோபக்காரன். ஹார்லன் தூக்கியிருக்கிறார், அவனும் தூக்கியிருக்கிறான். இதற்கு மேல் சாட்சி கேட்க ஸ்டென்பியில் ஆளில்லை. ஆர்லிஸின் நெஞ்சில் மிச்சமிருந்த ஏதோ ஒன்று அப்போதுதான் அறுந்து விழுந்தது. மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

பிற்பகலுக்குள் வீடு நிரம்பிவிட்டது. சாவு என்றால் அந்த ஊர்ப் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆறுதல் வார்த்தை சொல்லத் தெரியாது, கட்டிப்பிடிக்கக் கூச்சம். ஆனால் அடுப்பை மூட்டுவார்கள். பாலாடைக்கட்டி உருகி வழியும் உருளைக்கிழங்கு, கறியும் நூடுல்ஸும் போட்டு வேகவைத்த ஹாட்டிஷ் மூன்று வகை, பன்றிக்கறி வைத்த பன்கள், பச்சை ஜெல்லி, சாக்லேட் கட்டிகள். ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் சொந்தக்காரியின் பெயர் ஒட்டியிருக்கும், திரும்பிப் போகும்போது மாறிவிடக்கூடாது என்று. சர்ச்சின் பெரிய காபிப் பானையை யாரோ தூக்கிக்கொண்டு வந்தார்கள். மடக்கு நாற்காலிகள் வந்தன.

எல்லாவற்றையும் லவோன்தான் முன்னின்று நடத்தினாள். இது அங்கே, அது இங்கே, சூடாக இருப்பதை மேசையில் வைக்காதே, மெழுகுத்துணி ஒட்டிக்கொள்ளும். நடுநடுவே ஆர்லிஸிடம் வந்து தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். ஒரு தட்டில் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்துப் போட்டு, மேலே அலுமினியத் தாளைப் போட்டு இறுக மூடி, அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"யாருக்கு?" என்றாள் மார்டெல். எழுபதைத் தாண்டியவள், ஜெல்லியும் வம்பும் கொண்டுவராமல் எந்த வீட்டுக்கும் போகாதவள்.

"வெண்டலுக்கு. வந்தா பசியோட வருவான். அழுதா அவனுக்கு இன்னும் பசிக்கும்."

"உன் புருஷனுக்கு எப்பதான் பசிக்கல," என்றாள் மார்டெல். இரண்டு பெண்கள் சிரித்துவிட்டு, சாவு வீடு என்பது நினைவுக்கு வந்து வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

ஆர்லிஸ் அதையெல்லாம் தூரத்திலிருந்து கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஓயாமல் ஒரே நினைப்புதான். அவனிடம் கடைசியாகப் பேசியது ஒரு கதவைப் பற்றி. அவன் ஏதோ சொல்ல வந்தான், காது கொடுத்துக் கேட்காமல் கதவைப் பற்றிக் கத்தினாள். என்ன சொல்ல வந்தான்? இனி ஜென்மத்துக்கும் தெரியப்போவதில்லை.

அப்போது பின்வாசலில் பூட்ஸ் கழற்றும் சத்தம் கேட்டது. ஒன்று, அப்புறம் இன்னொன்று, சுவரில் மோதி விழுந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பின்வாசல் அறையிலும் பாத்திரங்கள் அடுக்கியிருந்தார்கள். யாரோ அங்கே தாளைப் பிரித்து எதையோ எடுத்தார்கள்.

டுவேன் காலுறையோடு சமையலறைக்குள் வந்தான். கையில் பாதி கடித்த பன் இருந்தது. கூட்டத்தைப் பார்த்தான், காபிப் பானையைப் பார்த்தான், வாயில் இருந்ததை விழுங்கினான்.

"யாரு போயிட்டா?" என்று கேட்டான்.

ஒருவரும் அலறவில்லை. மார்டெல் கையிலிருந்த ஜெல்லித் தட்டை மிக மெதுவாகக் குனிந்து தரையில் வைத்தாள், அதுதான் அதற்கான இடம் என்பதுபோல. மறுபடியும் காபிக்கு வந்து உட்கார்ந்திருந்த ஹார்லனின் கோப்பை சாய்ந்து, சூடான காபி அவர் முழங்காலில் வழிந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. வாயைத் திறந்தபடி டுவேனையே பார்த்தார்.

ஆர்லிஸ் எழுந்தாள். நடந்து போனாள். அவன் நெஞ்சில் இரண்டு கையாலும் ஓங்கி அடித்தாள்.

"எங்கடா போய்த் தொலைஞ்சே?"

"என்னடி ஆச்சு உனக்கு? மெஷினுக்கு பெல்ட் வாங்கத்தான். கோ-ஆப் கடைக்காரன் கார்ல போனேன். காலைலயே சொன்னேனே."

"நீ சொல்லல."

"சொன்னேன். நீ கதவைப் பத்திப் பேசிட்டிருந்தே."

அப்படியே அவன் மேல் விழுந்தாள். சட்டையில் தூசியும் எண்ணெயும் வியர்வையும் நாறின. அந்த நாற்றத்தை மூச்சுமுட்ட இழுத்தாள். உடம்பு சூடாக இருந்தது. இதயம் அடித்துக்கொண்டிருந்தது. அவளுக்குப் பித்துப் பிடித்ததுபோல் ஆகிவிட்டது. அழுதாள், சிரித்தாள், அவன் காதைப் பிடித்துத் திருகினாள்.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே," என்றாள் எல்லோரும் கேட்கும்படி. "அது யாரா வேணா இருக்கட்டும். என் ஆளு இல்ல. எனக்கு அது போதும்."

லவோன் ஓடிவந்து இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். அவள் கன்னமெல்லாம் ஈரம். "ஆமாண்டி, ஸ்தோத்திரம். அது போதும். அது போதும்டி." வீட்டில் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவள் அவள்தான். "இவ்வளவு ஹாட்டிஷையும் இப்ப நீயே உக்காந்து தின்னு தீர்க்கணும் டுவேன். உனக்குப் பண்ணினதுதான். ஒரு வாய் மிச்சம் வைக்கக்கூடாது."

வீடே கலகலத்தது. யாரோ அவன் முதுகில் தட்டினார்கள், யாரோ கிள்ளிப் பார்த்தார்கள். டுவேனுக்கு இன்னும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சிரிப்பவர்களைப் பார்த்து அவனும் அசட்டுத்தனமாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஹார்லன் மட்டும் சிரிக்கவில்லை. கோப்பையை மேசையில் வைத்தார்.

"அப்ப வண்டில யாரு?" என்றார்.

"எந்த வண்டில?" என்றான் டுவேன்.

"உன் வண்டி. தெற்குக் கடவுல ரயில் அடிச்சுடுச்சு. முழுசா எரிஞ்சுடுச்சு. உள்ள ஒரு ஆள். நீதான்னு நினைச்சோம்." அவர் டுவேனை மேலும் கீழும் பார்த்தார். "நான்தான் உன்னைப் பாத்தேனே. காலைல விரலைத் தூக்கினியே."

டுவேன் பன்னை மேசை ஓரத்தில் வைத்தான். "என்னையா பாத்தே?" என்றான். "வண்டியைப் பாத்தியா, என்னைப் பாத்தியா?"

ஹார்லன் நினைத்துப் பார்த்தார். வெயிலில் கண்ணாடி மின்னியது, உள்ளே ஒரு கை, இரண்டு விரல். அவ்வளவுதான் அவர் பார்த்தது. அவ்வளவுதான் அந்த ஊரில் யாரும் யாரையும் பார்ப்பது. சாவியைக்கூட யாரும் வண்டியிலிருந்து எடுப்பதில்லை. அவசரத்துக்கு எவன் வேண்டுமானாலும் எவன் வண்டியையும் எடுத்துப் போவான், திரும்பக் கொண்டுவந்து விடும்போது பெட்ரோல் ஊற்றி வைத்தால் நல்லவன். ஊரே பிறந்ததிலிருந்து அப்படித்தான் வாழ்கிறது. அன்று ஒரு நாள், அவ்வளவு பேர் கூடியிருந்த வீட்டில், அது ஒருத்தர் புத்திக்கும் எட்டவில்லை.

டுவேன் யாரையும் பார்க்காமல் நின்றான். அப்புறம் அவன் கண் மெல்ல உயர்ந்து லவோன் மேல் போய் நின்றது. நின்றது நின்றபடி இருந்தது.

ஆர்லிஸ் அதைப் பார்த்தாள். ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தாள். எதிர்வீட்டு வாசலில் பேட்டரி செத்த வெண்டலின் வண்டி என்ஜின் மூடி திறந்தபடி நின்றது. ஒரு நிமிஷம் முன்னால் அவள் வாயால் சொன்னது அந்தச் சமையலறையில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. யாரா வேணா இருக்கட்டும். அதைத் திரும்ப எடுத்து விழுங்கிவிட முடிந்தால் தன் ஆயுசில் பாதியைக் கொடுத்திருப்பாள்.

"என்னை ஏன் எல்லாரும் பாக்கறீங்க?" என்றாள் லவோன். முகத்தில் சிரிப்பு இன்னும் முழுசாகக் கலையவில்லை. "அவன் டிராக்டர்ல போயிருக்கான்."

"டிராக்டர் என் வயல் ஷெட்ல நிக்குது லவோன்," என்றான் டுவேன். வார்த்தைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுப்பதுபோல் பேசினான். "போன வாரமே கொண்டுவந்து விட்டான், கிளட்ச் பாக்கச் சொல்லி. உங்கிட்ட சொல்லியிருப்பான்னு நினைச்சேன். காலைல நீ சர்ச்சுக்குப் போனப்புறம் வந்தான். கம்பிச் சுருள் ஏத்தணும், உன் வண்டியை எடுத்துக்கறேன்னான். எடுத்துக்கோன்னேன். எப்பவும் எடுக்கறதுதானே. எப்பவும் எடுக்கறதுதானே லவோன்."

லவோன் தலையை ஆட்டினாள், ஆமாம், எப்போதும் எடுப்பதுதான் என்று ஒப்புக்கொள்பவள்போல. அடுப்புப் பக்கம் போனாள். மூடி வைத்த தட்டின் மேல் கையை வைத்துப் பார்த்தாள்.

"இன்னும் சூடாத்தான் இருக்கு," என்றாள்.

டுவேன் பாய்ந்து நாற்காலியை இழுத்துப் போட்டான். லவோன் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கண்ணீர் வரவில்லை. காலையிலேயே ஆர்லிஸுக்காக எல்லாவற்றையும் அழுது தீர்த்திருந்தாள்.

பிறகு மார்டெல் குனிந்து ஜெல்லியைத் தரையிலிருந்து எடுத்தாள். முன்கதவைத் திறந்தாள். அந்த வீட்டில் முன்கதவைத் திறந்து வருஷமாகியிருக்கும், தேய்த்துக்கொண்டு திறந்தது. படியிறங்கி, தெருவைக் கடந்து, எதிர்வீட்டுக்குள் போனாள். இன்னொருத்தி உருளைக்கிழங்கை எடுத்தாள். இன்னொருத்தி ஹாட்டிஷை. யாரும் யாரையும் ஏவவில்லை. பாத்திரங்கள் வரிசையாகத் தெருவைக் கடந்தன. ஹார்லன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாத்திரம் சுமந்து தன்னைத் தாண்டிப் போன எவர் முகத்தையும் அவரால் பார்க்க முடியவில்லை. டுவேன் பூட்ஸைப் போடக்கூட மறந்து, தன் சாவுக்கு வந்த மடக்கு நாற்காலிகளை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு காலுறையோடு சூடான தார்ச்சாலையில் நடந்தான்.

சமையலறையில் இருவர் மட்டும் மிஞ்சினார்கள். காலையில் லவோன் மண்டியிட்ட அதே இடத்தில் இப்போது ஆர்லிஸ் மண்டியிட்டாள். கையைப் பிடித்தாள். அந்தக் கை எந்தப் பிடிப்பும் இல்லாமல் அவள் கைக்குள் கிடந்தது.

"லவோன். நான் சொன்னது... நான் தெரியாமடி..."

"நானும் சொன்னேன்ல," என்றாள் லவோன்.

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் ஆர்லிஸ் தாங்கியிருப்பாள். கூட்டிப் பார்த்து விடை தவறாக வந்த கணக்கைப் பார்ப்பதுபோல் மடியிலிருந்த தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன்கூடச் சேர்ந்து நானும் ஸ்தோத்திரம் சொன்னேன். அது போதும்னு சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன்டி."